காந்தி மார்க்கெட்டில் இறங்குங்கள், ஆசிரியரே!

ஊர் உறங்கும் நேரத்தில் திருச்சி காந்தி மார்க்கெட் விழித்திருக்கிறது. நள்ளிரவு தாண்டியதும் லாரிகள் வந்து நிற்கின்றன. மகாராஷ்டிரத்தின் பெரிய வெங்காயம், நீலகிரியின் கேரட், பெரம்பலூரின் சின்ன வெங்காயம் என்று மூட்டை மூட்டையாக இறங்குகிறது. சுமைத் தொழிலாளி முதுகை வளைத்துத் தூக்குகிறார். மண்டியில் விலை பேசி முடிக்கிறார்கள். விடியும்போது அந்த விலை சில்லறைக் கடைக்கு வந்து, அங்கிருந்து பாலக்கரைக்கும் வரகனேரிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் போய், உங்கள் மாணவனின் அம்மா வைத்திருக்கும் பணத்தில் கை வைக்கிறது.

அந்த விலையைத் தீர்மானித்தது யார்? கடைக்காரர் மட்டுமா? கருங்கடல் கரையில் நடக்கும் போர், ஜகார்த்தாவில் பிறந்த ஓர் உத்தரவு, டெல்லியில் வெளியான ஓர் அறிவிக்கை, பசிபிக் பெருங்கடலில் ஏறிய வெப்பம் என்று இத்தனையும் சேர்ந்துதான் அந்த விலைப்பலகையில் எண்ணை எழுதுகின்றன. அம்மாவுக்கு விலை தெரியும், காரணம் தெரியாது. பிள்ளைக்கு இரண்டுமே தெரியாது. அந்தக் காரணத்தை அவனுக்குப் புரியும் மொழியில், அவன் வயதுக்கு ஏற்ற அளவில் சொல்லக்கூடிய ஒருவர் இந்த ஊரில் இருக்கிறார். அது நீங்கள்தான், ஆசிரியரே!

தொலைக்காட்சி சொல்லாது. அதற்குக் கூச்சல் போடவே நேரம் போதவில்லை. கைபேசி சொல்லாது. அது அடுத்த வீடியோவுக்குத் தள்ளிவிடும். உலகம் பிள்ளையின் சோற்றுத் தட்டு வரை வந்துவிட்டது. வகுப்பறைக்குள் மட்டும் வராமல் வாசலில் நிற்கிறது. கதவைத் திறக்கும் கை உங்களுடையது.

"நான் யார் இதையெல்லாம் பேச?"

உங்கள் மனத்தில் எழும் பதில் எனக்குக் கேட்கிறது. "போர்ஷன் முடிக்கவே நாள் போதவில்லை. எமிஸ் பதிவு இருக்கிறது. தேர்ச்சி விழுக்காடு இருக்கிறது. தேர்தல் வேலை, கணக்கெடுப்பு வேலை எல்லாம் இருக்கிறது. இதில் ஐ.நா. சபை, பருவநிலை மாற்றம், அகதிகள் என்று பேச நான் யார்? நான் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் டீச்சர்."

உங்கள் சுமை உண்மையானது. அதைக் குறைத்துப் பேச எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களை இன்றோடு விட்டுவிடுங்கள். நாற்பது பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்கும் அறையில் நுழைந்து, குரலை உயர்த்தாமல் அமைதியைக் கொண்டுவரத் தெரிந்தவர் நீங்கள். பின்னக் கணக்கு ஏறாத பிள்ளைக்கு ஐந்தாவது முறையும் புது வழியில் சொல்லித்தரத் தெரிந்தவர் நீங்கள். உலகப் பொருளாதாரத்தைக் கரைத்துக் குடித்த பேராசிரியரைப் பதினொரு வயதுக் குழந்தைகள் முன் நிறுத்திப் பாருங்கள். கால் மணி நேரத்தில் திணறிவிடுவார். அறிவு அவரிடம் இருக்கலாம். அதைக் குழந்தையிடம் சேர்க்கும் ஆற்றல் உங்களிடம் இருக்கிறது. அந்த ஆற்றல்தான் அரியது.

"மேலிடத்தில் ஒத்துக்கொள்வார்களா?" என்ற பயமும் வேண்டாம். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் உத்தரவிட்டது. 2015 செப்டம்பரில் ஐ.நா.வின் 193 உறுப்பு நாடுகளும் ஏற்றுக்கொண்ட 17 வளர்ச்சி இலக்குகளில் நான்காவது இலக்கு கல்வி. அதன் ஏழாவது உட்பிரிவு, 2030-க்குள் கற்கும் ஒவ்வொருவரும் நீடித்த வளர்ச்சி, மனித உரிமை, பாலினச் சமத்துவம், அமைதி, உலகக் குடிமை ஆகியவற்றைக் கற்றிருக்க வேண்டும் என்கிறது. இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்ட நாடு. பள்ளிகளில் பருவநிலை மாற்றத்தைக் கட்டாயப் பாடமாக்கப் போவதாக 2019-இல் இத்தாலி அறிவித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. நமக்கு வாசல் அதற்கு முன்பே திறந்துதான் இருக்கிறது. நுழையத்தான் துணிவு வேண்டும்.

புதிதாக ஒரு பாடத்தைத் தலையில் ஏற்றச் சொல்லவில்லை. ஏற்கெனவே நடத்தும் பாடத்துக்குள் ஒரு ஜன்னலைத் திறக்கச் சொல்கிறேன். அதற்கு வேண்டிய துணைக்கருவி காந்தி மார்க்கெட்டில் கொட்டிக் கிடக்கிறது.

ஒரு லிட்டர் எண்ணெயில் மூன்று கண்டங்கள்

எண்ணெயிலிருந்து தொடங்குங்கள். இந்தியா தனக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்துதான் வாங்குகிறது. பாமாயில் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. சோயா எண்ணெய் அர்ஜென்டினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் வருகிறது. சூரியகாந்தி எண்ணெய்க்கு நாம் பெரிதும் நம்பியிருந்த நாடு உக்ரைன். 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. கருங்கடல் துறைமுகங்கள் முடங்கின. கப்பல் நின்றது. இங்கே நம் கடைகளில் சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட்டின் விலை எகிறியது.

கதை அதோடு முடியவில்லை. அதே ஆண்டு ஏப்ரல் 28 அன்று இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. காரணம் என்ன தெரியுமா? உலகிலேயே அதிகம் பாமாயில் விளைவிக்கும் அந்த நாட்டிலேயே மக்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் எண்ணெய் கிடைக்கவில்லை. மே 23 அன்றுதான் தடை நீங்கியது. நம் ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயில் பாக்கெட்டுக்குப் பின்னால் இவ்வளவு பெரிய உலகம் இருக்கிறது.

வகுப்பில் ஓர் எண்ணெய் பாக்கெட்டை மேசைமேல் வையுங்கள். "இது எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள். "கடையிலிருந்து" என்பார்கள். "கடைக்கு?" என்று கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்வியில் உலக வரைபடம் விரியத் தொடங்கும். விடாதீர்கள். பாமாயில் தோட்டத்துக்காக இந்தோனேசியாவில் காடு அழிந்ததையும், அந்தக் காட்டில் வாழ்ந்த ஒராங்குட்டான்கள் வீடிழந்ததையும் சொல்லுங்கள். அந்தத் தோட்டத்தை நம்பிப் பிழைக்கும் சிறு விவசாயி இருப்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். ஒரு பொருளுக்கு ஒரே முகம் இல்லை என்று அன்று பிள்ளைகள் தெரிந்துகொள்வார்கள். இதைவிடப் பெரிய சமூக அறிவியல் பாடம் வேறு என்ன இருக்கிறது?

அடுத்து துவரம்பருப்பு. நம் சாம்பாரில் மியான்மர் இருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவின் மொசாம்பிக், தான்சானியா, மலாவி இருக்கின்றன. பருப்பு வாங்க 2016-இல் இந்தியா மொசாம்பிக்கோடு ஒப்பந்தமே போட்டது. ஆப்பிரிக்கா என்றாலே சிங்கத்தையும் பாலைவனத்தையும் நினைக்கும் பிள்ளைக்கு, தன் மதியச் சாப்பாட்டை விளைவித்த ஒரு மொசாம்பிக் விவசாயியை அறிமுகப்படுத்துங்கள். ஒரு கண்டத்தைப் பற்றிய அவன் எண்ணமே மாறிவிடும்.

வெங்காயத்துக்கு ஒரு வழக்காடு மன்றம்

2023 டிசம்பர் 8 அன்று மத்திய அரசு வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. உள்நாட்டில் விலை ஏறாமல் இருக்க வேண்டும் என்பது நோக்கம். தடை 2024 மே மாதத் தொடக்கம் வரை நீடித்தது. நாசிக் விவசாயிகள் கொதித்தார்கள். நல்ல விலை கிடைக்கும் நேரத்தில் கதவை அடைத்துவிட்டார்களே என்று மறியல் செய்தார்கள். வங்கதேசத்திலும் இலங்கையிலும் மலேசியாவிலும் இந்திய வெங்காயத்தை நம்பியிருந்த சமையலறைகள் தவித்தன.

இதை வைத்து ஒரு பாடவேளையைத் தீப்பிடிக்க வைக்கலாம். வகுப்பை நான்காகப் பிரியுங்கள். ஒரு குழு நாசிக் விவசாயி. ஒரு குழு திருச்சியில் குடும்பம் நடத்தும் அம்மா. ஒரு குழு கொழும்பில் கடை வைத்திருப்பவர். நான்காவது குழு மத்திய அமைச்சர். "ஏற்றுமதித் தடை சரியா, தவறா?" என்று கேட்டுவிட்டு ஓரமாக நின்றுகொள்ளுங்கள். வாயே திறக்காத பிள்ளை அன்று விவசாயியாக நின்று முழங்குவதைப் பார்ப்பீர்கள். கடைசியில் ஒருவரும் முழுவதும் தவறில்லை என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். நியாயம் பல பக்கம் இருக்கும்போது முடிவெடுப்பது எவ்வளவு கடினம் என்று பன்னிரண்டு வயதில் உணர்ந்த பிள்ளை, வளர்ந்தபின் வெறுப்புப் பேச்சுக்கு எளிதில் விலைபோக மாட்டான்.

கணக்கு டீச்சரே, உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. பெரிய வெங்காயத்தின் விலையை ஒரு மாதம் தினமும் குறித்துவரச் சொல்லுங்கள். மண்டி விலை ஒரு பத்தி, தெருக்கடை விலை ஒரு பத்தி. சராசரி போடுங்கள், விழுக்காடு போடுங்கள், வரைபடம் போடுங்கள். கோடு எங்கே ஏறியது, ஏன் ஏறியது என்று கேளுங்கள். போர்ஷனும் முடியும், உலகமும் புரியும்.

வாழைத்தாரும் காவிரிப் படித்துறையும்

அறிவியல் ஆசிரியரே, உங்களை வாழைத்தார் அழைக்கிறது. பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி, நேந்திரன், ஏலக்கி, மொந்தன் என்று நம் வாழைக்காய் மண்டிகளில் பிள்ளைகள் எண்ணிப் பார்க்கட்டும். பிறகு இந்தக் கதையைச் சொல்லுங்கள். ஒரு காலத்தில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் சாப்பிட்ட வாழைப்பழம் ஏறக்குறைய ஒரே ரகம். குரோ மிஷேல் என்று பெயர். மத்திய அமெரிக்காவில் காட்டை அழித்துக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை அந்த ஒரே ரகத்தை நட்டார்கள். பனாமா வாடல் நோய் மண்ணில் பரவியது. 1960 வாக்கில் அந்த ரகத்தின் ஏற்றுமதி வணிகமே சரிந்தது. அதற்குப் பதிலாக வந்தது கேவண்டிஷ். நம் கடைகளில் ஜி நைன் என்று விற்பது அந்த இனம்தான். இப்போது அதையும் தாக்கும் புதுவகை வாடல் நோய் நாடு நாடாகப் பரவி, பீகாருக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் வந்துவிட்டது.

இதை ஆராயும் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் எங்கே இருக்கிறது? டெல்லியிலா? இல்லை, நம் திருச்சியில்! 1993-இல் தொடங்கிய நிறுவனம் அது. உலகம் கவலைப்படும் ஒரு நோய்க்கு விடை தேடும் விஞ்ஞானிகள் நம் ஊரை ஒட்டியே வேலை செய்கிறார்கள். ஒரே ரகத்தை நம்பினால் ஒரே நோயில் எல்லாம் போகும். பல ரகம் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்ற பல்லுயிர்ப் பாடத்தை மண்டிக்காரர் தார் தாராக அடுக்கி வைத்திருக்கிறார். நீங்கள் பிள்ளைகளைக் கூட்டிப் போனால் போதும்.

ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகளை அம்மா மண்டபம் படித்துறைக்கு அழைத்துப் போங்கள். 2023 ஆகஸ்ட் மாதம், 1901-க்குப் பிறகு இந்தியா கண்ட மிக வறண்ட ஆகஸ்ட். அந்த ஆண்டு பசிபிக் பெருங்கடலில் எல் நினோ தலைதூக்கியிருந்தது. மழை பொய்க்க அதுவும் ஒரு காரணம். மேட்டூர் அணையில் நீர் வற்றியது. அக்டோபரிலேயே பாசன நீரை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு வழக்கமான ஜூன் 12 அன்று அணையைத் திறக்க முடியவில்லை. ஜூலை 28 வரை காத்திருந்தோம். சில நாட்களிலேயே வெள்ளம்! ஆகஸ்ட் தொடக்கத்தில் கொள்ளிடம் பொங்கி, திருவானைக்காவல் அருகே ஆற்றுக்குள் நின்ற உயரழுத்த மின்கோபுரம் சாய்ந்தது. ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் இறங்க வேண்டாம் என்று தடுக்க வேண்டியதாயிற்று. ஓராண்டுக்குள் வறட்சியும் வெள்ளமும் கண்ட ஆறு இது. பருவநிலை மாற்றம் என்ற தலைப்பை நடத்தப் பனிக்கரடி படம் எதற்கு? காவிரி போதாதா?

மார்க்கெட்டில் கொட்டும் கழிவையும் விடாதீர்கள். வெண்டைக்காய்க் காம்பும் அழுகிய தக்காளியும் முட்டைக்கோஸ் இலையும் எங்கே போகின்றன? பல பத்தாண்டுகளாக அரியமங்கலத்தில் மலையாகக் குவிந்த குப்பையைத் திருச்சிப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருப்பார்கள், முகர்ந்திருப்பார்கள். உணவுக் கழிவு காற்றில்லாமல் மட்கும்போது மீத்தேன் பிறக்கிறது. இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைவிட எண்பது மடங்கு வலிமையாகப் பூமியைச் சூடாக்குகிறது. 2022-இல் மட்டும் உலகம் வீணாக்கிய உணவு சுமார் 105 கோடி டன் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. பசியும் அதே பூமியில்தான் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கரும்பலகையில் எழுதுங்கள். விளக்கவே வேண்டாம், பிள்ளைகளுக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தைப் பள்ளியின் மட்குரக் குழிக்குத் திருப்பிவிடுங்கள்.

கல்லும் பேசும், பக்கத்து இருக்கையும் பேசும்

காந்தி மார்க்கெட் அருகே முதல் உலகப் போருக்கான நினைவுச் சின்னம் நிற்கிறது. ஆயிரம் முறை கடந்து போயிருப்போம். இந்த ஊரிலிருந்து எத்தனை பேர் போருக்குப் போனார்கள், எத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அந்தக் கல்லில் பொறித்திருக்கிறது. அந்த எண்களைக் குறித்துவரச் சொல்லுங்கள். பத்து லட்சத்துக்கும் அதிகமான இந்திய வீரர்கள் கடல் தாண்டிப் போன போர் அது. சுமார் 74,000 பேர் திரும்பவில்லை. யாருடைய சண்டைக்கு, யாருடைய பிள்ளை, எந்த மண்ணில் விழுந்தான்? வரலாற்று ஆசிரியர் இதைக் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பது?

அகதிகளைப் பற்றிப் பேச நீங்கள் சிரியாவுக்குப் போக வேண்டாம். திருச்சியிலேயே கொட்டப்பட்டில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் நம் பள்ளிகளில் படிக்கிறார்கள். இங்கே மட்டும் ஓர் எச்சரிக்கை. ஒரு பிள்ளையை எழுப்பி நிறுத்தி, "உன் கதையைச் சொல்" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். அவன் உங்கள் பாடப்பொருள் ஆகிவிடக் கூடாது. "ஊரைவிட்டு ஓட வேண்டியிருந்தால் கையில் எதை எடுத்துக்கொள்வீர்கள்? போன இடத்தில் எப்படி நடத்தப்பட வேண்டும் என்று விரும்புவீர்கள்?" என்று வகுப்பு முழுவதையும் கேளுங்கள். பக்கத்து இருக்கைப் பிள்ளையைப் பார்க்கும் பார்வை தானாக மாறும்.

உலகத்துக்கு நாம் கொடுத்தது

"உலகப் பிரச்சினை பெரியது, நாம் சின்ன ஊர்" என்று இன்னும் தயங்குகிறீர்களா? காந்தி மார்க்கெட்டிலிருந்து தஞ்சாவூர் சாலையில் போங்கள். அரியமங்கலம் தாண்டினால் காட்டூர், பாப்பாக்குறிச்சி. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது அந்தப் பாப்பாக்குறிச்சியில்தான். காமராசர் காலத்து மதிய உணவுக்குப் புது வலிமை கொடுத்த திட்டம் அது. "இவ்வளவு செலவு தாங்குமா?" என்று கேட்டவர்கள் ஏராளம். 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், இந்தியா முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தர வேண்டும் என்று உத்தரவிட்டது. இன்று உலகெங்கும் 40 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகள் பள்ளியில் உணவு பெறுகிறார்கள். பசி என்ற உலகப் பிரச்சினைக்குப் பள்ளிக்கூடத்திலேயே விடை இருக்கிறது என்று தமிழ்நாடு முன்னால் நின்று காட்டியது. உங்கள் பிள்ளைகள் மதியம் கையில் ஏந்தும் தட்டு அந்த வரலாற்றின் சாட்சி. அதை அவர்களுக்குச் சொன்னீர்களா?

1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தொண்டர்களோடு வேதாரண்யத்தை நோக்கி உப்பெடுக்கப் புறப்பட்டது இதே திருச்சியிலிருந்துதான். மளிகைக் கடையில் மிக மலிவாகக் கிடைக்கும் பொருளை வைத்து உலகின் மிகப் பெரிய பேரரசை எதிர்த்தார்கள். ஒரு பிடி உப்பில் வரி, வணிகம், ஆதிக்கம், உரிமை எல்லாம் இருக்கிறது என்று அன்று மக்களுக்குப் புரிந்தது. உங்கள் வகுப்பிலும் புரியும்.

மொழி தடையா? அதையும் நம் மாவட்டத்துக்காரர் ஒருவர் உடைத்திருக்கிறார். யுனெஸ்கோ நிறுவனத்தின் கூரியர் இதழ் 1967 முதல் தமிழில் வந்தது. அதைப் பல்லாண்டுகள் ஆசிரியராக இருந்து நடத்தியவர், மணப்பாறையைத் தன் பெயரிலேயே சுமந்த மணவை முஸ்தபா. அணுவையும் விண்வெளியையும் ஆப்பிரிக்க விடுதலையையும் தமிழில் சொல்ல முடியாது என்றவர்களுக்கு மாதம்தோறும் பதில் அச்சடித்து அனுப்பினார். அதே யுனெஸ்கோவில் 1963 முதல் 1970 வரை துணைத் தலைமை இயக்குநராக இருந்தவர் வேலூரில் பிறந்த மால்கம் ஆதிசேசய்யா. அவரும் கல்லூரி ஆசிரியராகத் தொடங்கியவர்தான். உலக அரங்கில் நம்மவர் நின்ற இடங்கள் இவை. உங்கள் இனத்தவர், ஆசிரியர் இனத்தவர் நின்ற இடங்கள்!

தெருவில் கேட்ட கேள்வி, உலகம் கேட்ட குரல்

திருவண்ணாமலைப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர் தன் தெருவில் துணி தேய்க்கும் தொழிலாளியைப் பார்த்தார். கரி எரிகிறது, புகை எழுகிறது. "இதற்கு வேறு வழி இல்லையா?" என்று கேட்டார். சூரிய சக்தியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். 2020-இல் சுவீடனின் குழந்தைகள் பருவநிலைப் பரிசு வந்தது. 2021 நவம்பரில் கிளாஸ்கோ ஐ.நா. பருவநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன்னிலையில் பேசினார். கேள்வி பிறந்தது நம் ஊர்த் தெருவில். குரல் ஒலித்தது உலகின் முன்னால்.

இப்படிக் கேட்கக் கற்றுத்தரும் களம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. 1993 முதல் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு நடக்கிறது. தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் அதை ஒருங்கிணைத்து வந்திருக்கிறது. 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் சிறு குழுவாகச் சேர்ந்து, தங்கள் ஊரின் ஒரு சிக்கலை எடுத்து, கணக்கெடுத்து, அளந்து, தாய்மொழியிலேயே ஆய்வறிக்கை எழுதுகிறார்கள். வழிகாட்டி யார்? ஓர் ஆசிரியர். சில நூறு ரூபாய்ச் செலவும் நிறைய ஆர்வமும் போதும். அரசுப் பள்ளி நடுநிலை வகுப்புகளுக்குச் சோதனைக் கருவிகளைக் கொண்டுவரும் வானவில் மன்றம் 2022 நவம்பர் 28 அன்று தொடங்கியதும் அதே பாப்பாக்குறிச்சியில்தான். அந்த மன்ற நேரத்தை மார்க்கெட் கழிவோடும் காவிரி நீரோடும் இணைத்துவிட்டால் போதும், ஆய்வு தொடங்கிவிடும்.

திங்கள்கிழமை செய்யுங்கள்

பயிற்சி முகாமுக்குக் காத்திருக்காதீர்கள். சுற்றறிக்கைக்குக் காத்திருக்காதீர்கள். இந்த ஐந்தைச் செய்யுங்கள்.

ஒன்று: வாரத்துக்கு ஒரு பொருள், ஒரு கேள்வி. இந்த வாரம் எண்ணெய், அடுத்த வாரம் வெங்காயம். பத்து நிமிடம் போதும். பாடக்குறிப்பின் ஓரத்தில் எழுதிவையுங்கள்.

இரண்டு: தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். "வாருங்கள், சேர்ந்து தேடுவோம்" என்று சொன்ன ஆசிரியரை எந்தப் பிள்ளையும் மதிக்காமல் விட்டதில்லை. வாட்ஸ்அப்பில் வந்ததைச் சரிபார்க்காமல் வகுப்புக்குக் கொண்டுவராதீர்கள். எப்படிச் சரிபார்ப்பது என்பதையே ஒரு பாடமாக்குங்கள்.

மூன்று: கட்சி கட்டாதீர்கள். போராகட்டும், விலையாகட்டும், குறைந்தது இரண்டு பக்கத்தையாவது வகுப்பு கேட்கட்டும். முடிவைப் பிள்ளைகள் எடுக்கட்டும்.

நான்கு: பயமுறுத்தாதீர்கள். பூமி அழியப்போகிறது என்று சொல்லி அனுப்பினால் பிள்ளை இரவு தூங்காது. ஒவ்வொரு பிரச்சினைக்கும் பக்கத்தில் பிள்ளை தன் கையால் செய்யக்கூடிய ஒன்றை வையுங்கள். மஞ்சப்பையை எடுத்து வருவது, தட்டில் மிச்சம் வைக்காதது, மட்குரக் குழி தோண்டுவது, வார்டு உறுப்பினருக்குக் கடிதம் எழுதுவது.

ஐந்து: தனியாகச் செய்யாதீர்கள். தமிழ் ஆசிரியர் கட்டுரை எழுத வைக்கட்டும், கணக்கு ஆசிரியர் வரைபடம் போட வைக்கட்டும், ஓவிய ஆசிரியர் சுவரொட்டி வரைய வைக்கட்டும். குறுவள மையக் கூட்டத்தில் உங்கள் வகுப்பில் நடந்ததை ஐந்து நிமிடம் எழுந்து சொல்லுங்கள். ஓர் ஆசிரியரின் அனுபவம் மற்றோர் ஆசிரியருக்குத் தரும் துணிவை எந்தக் கையேடும் தராது.

ஊராருக்கும் ஒரு வார்த்தை. தலைமை ஆசிரியர்களே, இப்படி ஒருவர் உங்கள் பள்ளியில் முன்வந்தால் ஒரு பாடவேளையைக் கொடுங்கள், முதுகில் தட்டிக்கொடுங்கள். மண்டி வியாபாரிகளே, நோட்டும் பென்சிலுமாகப் பிள்ளைகள் வந்து நின்றால் விரட்டாதீர்கள். சரக்கு எங்கிருந்து வருகிறது என்று சொல்லுங்கள், உங்கள் ஐம்பதாண்டு அனுபவம் பாடப்புத்தகத்தில் இல்லை. பெற்றோரே, "இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்காதீர்கள். இது வாழ்க்கைக்கு வரும். நாளைக்குச் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் விமானம் ஏறப்போகும் பிள்ளைக்கு, உலகம் எப்படி இயங்குகிறது என்று முன்பே தெரிந்திருப்பதைவிடப் பெரிய சீர்வரிசை இல்லை.

ஆசிரியரே! உங்கள் வகுப்பில் இன்று உட்கார்ந்திருக்கும் பத்து வயதுக் குழந்தை 2050-இல் முப்பது வயதைத் தாண்டியிருக்கும். நீரும் உணவும் வேலையும் அமைதியும் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் தலைமுறை அது. அந்த முடிவுகளை எடுக்க வேண்டிய அறிவும் மனமும் இன்று உங்கள் கையில் உருவாகிக்கொண்டிருக்கின்றன. இந்த நாட்டில் எந்த அமைச்சருக்கும், எந்த அதிகாரிக்கும் கிடைக்காத வாய்ப்பு இது. உங்களைச் சிறியவராக நினைக்க உங்களுக்கு உரிமையே இல்லை!

இந்த ஞாயிற்றுக்கிழமை காந்தி மார்க்கெட்டில் இறங்குங்கள். ஒரு பொருளை வாங்குங்கள். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். திங்கள்கிழமை அதை வகுப்பு மேசையில் வைத்து முதல் கேள்வியைக் கேளுங்கள். உங்களால் முடியும். உங்களால் மட்டும்தான் முடியும். தொடங்குங்கள்!